ருண்டு: ஆற்றங்கரை எல்லை நகரமொன்றின் வளர்ச்சியும் வியாபாரியின் கணக்கும்

நமீபியாவின் வடகிழக்கு எல்லையில், கவாங்கோ ஆற்றின் கரையில் ருண்டு என்றொரு நகரம் இருக்கிறது. 1991ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அங்கு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 19 ஆயிரம் பேர். 2001இல் அது 37 ஆயிரமாகவும், 2011இல் 63 ஆயிரமாகவும் உயர்ந்தது. 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 1 இலட்சத்து 18 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. முப்பத்திரண்டு வருடங்களில் ஆறு மடங்கு. துறைமுக நகரமான வோல்விஸ் பேயையும் பின்தள்ளிவிட்டு, தலைநகர் விண்ட்ஹொக்குக்கு அடுத்த பெரிய நகரம் என்ற இடத்தை ருண்டு பிடித்திருக்கிறது. நமீபியா முழுவதிலும் வாழும் மக்களே சுமார் 30 இலட்சம் பேர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வளர்ச்சியின் அளவு விளங்கும்.

இப்படியான கணக்கைக் கண்டால் எந்த வியாபாரிக்கும் கை துறுதுறுக்கும். சனம் சேரும் இடத்தில் கடை போடு என்பது எமக்கெல்லாம் சொல்லித்தரப்பட்ட பாடம். ஆனால் இதே ருண்டு, நமீபியாவின் மிக வறிய பிராந்தியங்களில் ஒன்றின் தலைநகரமாகவும் இருக்கிறது. சனம் இவ்வளவு வேகமாகச் சேருகின்ற இடத்தில் காசு ஏன் அதே வேகத்தில் சேரவில்லை? எல்லை நகரங்களில் வியாபாரம் செய்கின்றவர்களும், செய்ய நினைப்பவர்களும் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருப்பது நல்லது. அதற்காகவே இந்த வாரம் இந்த ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

ஆறு எல்லையான கதை

கவாங்கோ ஆறு அங்கோலாவின் மத்திய மலைநாட்டில் பிறக்கிறது. அங்கே அதற்குக் குபாங்கோ என்று பெயர். தெற்கே ஓடிவந்து, நானூறு கிலோமீற்றர் அளவுக்கு அங்கோலாவுக்கும் நமீபியாவுக்கும் எல்லையாக நின்று, பின்னர் பொட்ஸ்வானாவுக்குள் புகுந்து ஒக்கவாங்கோ என்ற பெரும் சதுப்பு நிலத்தில் பரவி முடிந்துவிடுகிறது. இந்த ஆறு கடலைச் சேர்வதே இல்லை.

ஆற்றின் இரு கரையிலும் வாழ்பவர்கள் ஒரே மக்கள்தான். குவாங்காலி, ம்புன்சா, ஷம்பியு, க்சிரிகு, ம்புகுஷு என்று ஐந்து அரச குலங்களின் கீழ் அவர்கள் வாழ்ந்து வந்தார்கள். கம்பு பயிரிடுவதும், மாடு வளர்ப்பதும், மீன் பிடிப்பதும் அவர்களது தொழில். 1886ஆம் ஆண்டு போர்த்துக்கலும் ஜேர்மனியும் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்து, ஆற்றையே எல்லையாக வகுத்துக்கொண்டன. வடகரை போர்த்துக்கேயருக்கு, தென்கரை ஜேர்மனியருக்கு. அண்ணன் அங்கோலாக்காரன், தம்பி நமீபியாக்காரன் என்றாகியது. ஆனாலும் ஓடங்கள் நிற்கவில்லை. கலியாணத்துக்கும் மரண வீட்டுக்கும் சந்தைக்கும் ஆற்றைக் கடப்பது இன்றுவரை அங்கே சாதாரண விடயம்.

முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மனி தோற்ற பின்னர் தென்கரை தென்னாபிரிக்காவின் ஆட்சிக்குள் வந்தது. 1936இல் அந்தப் பிரதேசத்தின் நிர்வாகத் தலைமையகம் நுகுரென்குருவிலிருந்து ருண்டுவுக்கு மாற்றப்பட்டது. நகரத்தின் தொடக்கம் அதுதான். அப்போது அது ஓர் அதிகாரியின் அலுவலகமும் சில கட்டடங்களும் மட்டுமே. உழைக்கக்கூடிய ஆண்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தெற்கே சுரங்கங்களுக்கும் வெள்ளையரின் பண்ணைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஊரில் உழைப்பு இருந்தது, ஊருக்குள் தொழில் இருக்கவில்லை. இந்தக் குறை பிற்காலத்திலும் தொடர்ந்தது.

முதலாவது பணப்பை: இராணுவம்

1975இல் அங்கோலா சுதந்திரம் பெற்றதும் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தென்னாபிரிக்கா அந்த யுத்தத்தில் நேரடியாகத் தலையிட்டது. ஆற்றுக்கு இக்கரையில் இருந்த ருண்டு, அதன் படையினருக்கு முக்கிய தளமாகியது. விமானத்தளம் பெரிதாக்கப்பட்டது. படை முகாம்களும், களஞ்சியங்களும், அதிகாரிகளின் குடியிருப்புகளும் எழுந்தன. அக்கரையிலிருந்து யுத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த குடும்பங்கள் இக்கரையில் குடிசை போட்டுக்கொண்டன.

இராணுவம் இருக்கின்ற ஊரில் வியாபாரம் எப்படி நடக்கும் என்பது எமது வாசகர்களுக்குப் புதிதல்ல. மாதம் பிறந்தால் சம்பளம், சம்பளம் வந்தால் செலவு. கூலி வேலை, சமையல் வேலை, துணி துவைக்கும் வேலை என்று ஊரவர்களுக்கும் ஏதோ கிடைக்கும். ஆனால் 1988 டிசம்பரில் நியூயோர்க்கில் அங்கோலாவும் கியூபாவும் தென்னாபிரிக்காவும் ஓர் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. 1989 முடிவதற்குள் தென்னாபிரிக்கப் படைகள் வெளியேறிவிட்டன. 1990 மார்ச் 21ஆம் திகதி நமீபியா சுதந்திர நாடாகியது.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது மகிழ்ச்சியான விடயம். ருண்டுவின் கடைக்காரருக்கோ, தனது மிகப் பெரிய வாடிக்கையாளர் ஒரே வருடத்தில் ஊரைவிட்டுப் போனதாகவும் அது முடிந்தது. அந்தத் தீர்மானம் ருண்டுவில் எடுக்கப்படவில்லை, விண்ட்ஹொக்கிலும் எடுக்கப்படவில்லை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் எடுக்கப்பட்டது. இதனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதே விடயம் இன்னும் இரண்டு தடவை நடக்கப்போகிறது.

இரண்டாவது பணப்பை: அக்கரை யுத்தம்

இக்கரையில் சமாதானம் வந்தது. அக்கரையில் யுத்தம் தொடர்ந்தது. ருண்டுவுக்கு எதிரே இருக்கும் கலாய் என்ற சிற்றூரும், அதற்குப் பின்னாலுள்ள பெருநிலமும் அங்கோலாவின் தென்கிழக்கு மூலை. போர்த்துக்கேயர் அந்தப் பகுதியை உலகம் முடியும் இடம் என்றே அழைத்தார்கள். தலைநகர் லுவாண்டாவிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், பாதைகளில் கண்ணிவெடி, பாலங்கள் உடைந்த நிலை. இந்தப் பகுதியின் பெரும்பங்கு ஜொனாஸ் சவிம்பியின் யுனிட்டா இயக்கத்தின் பிடியில் இருந்தது. அங்குள்ள மக்களுக்கு உப்பும் சீனியும் சவர்க்காரமும் மருந்தும் வேண்டுமென்றால் ஆற்றைக் கடப்பதைத் தவிர வழி குறைவு.

இந்தத் தட்டுப்பாடு இக்கரைக்கு வியாபாரமாகியது. ஆனால் அது பாதுகாப்பான வியாபாரம் அல்ல. 1993இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை யுனிட்டாவுக்கு ஆயுதமும் எரிபொருளும் விற்கத் தடை விதித்தது. 1998இல் அங்கோலா அரசின் சான்றிதழ் இல்லாத வைரங்களுக்கும் தடை வந்தது. நேற்று சட்டபூர்வமாக ஆற்றைக் கடந்த எரிபொருள் பீப்பா இன்று குற்றமாகியது.

1999 டிசம்பரில் நிலைமை இன்னும் மோசமடைந்தது. அங்கோலா அரச படைகள் நமீபிய மண்ணைப் பயன்படுத்தி யுனிட்டாவைத் தாக்க நமீபியா இடமளித்தது. யுத்தம் ஆற்றைக் கடந்து இக்கரைக் கிராமங்களுக்குள் வந்தது. 2000 ஜனவரியில், ருண்டுவுக்குக் கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்த பிரெஞ்சுக் குடும்பமொன்று தாக்கப்பட்டு மூன்று பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னர் அந்தப் பாதையில் வாகனங்கள் படைப் பாதுகாப்புடன் தொடராகவே சென்றன. சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றது. அந்த நெடுஞ்சாலை முழுவதுமாகத் தார் போடப்பட்டு ஒரு வருடம்கூடச் சரியாக ஆகியிருக்கவில்லை. அதை நம்பி ஆற்றங்கரையில் தங்குவிடுதி கட்டியவர்களின் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

2002 பெப்ரவரி 22ஆம் திகதி சவிம்பி கொல்லப்பட்டார். ஏப்ரலில் யுத்தநிறுத்தம் கைச்சாத்திடப்பட்டது. இருபத்தேழு வருட யுத்தம் முடிந்தது. இரண்டாவது பணப்பையும் அத்துடன் மூடப்பட்டது. இம்முறை அதைவிடப் பெரிய ஒன்று உடனேயே திறந்தது.

மூன்றாவது பணப்பை: எண்ணெய்

அங்கோலா எண்ணெய் வளம் மிக்க நாடு. யுத்தம் முடிந்து, உலக சந்தையில் எண்ணெய் விலையும் ஏறியதும், அந்நாட்டுக்குள் பணம் புரண்டது. வீடுகள் கட்டப்பட்டன, பாதைகள் திருத்தப்பட்டன, அரச ஊழியருக்குச் சம்பளம் கிடைத்தது. ஆனால் வாங்குவதற்குச் சாமான் அங்கே போதவில்லை. இருந்த சாமானும் உலகிலேயே விலை கூடியவற்றுள் சேர்ந்தது. எனவே அங்கோலா மக்கள் தெற்கே எல்லையைத் தாண்டி வந்தார்கள்.

ஏன் இக்கரையில் சாமான் மலிவு? இதனைச் சற்று விரிவாக விளக்க வேண்டும். எல்லை வியாபாரத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, சுங்கம். நமீபியா, தென்னாபிரிக்கா, பொட்ஸ்வானா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஆகிய ஐந்து நாடுகளும் ஒரே சுங்க ஒன்றியத்தில் இருக்கின்றன. 1910இல் தொடங்கிய பழைய ஒன்றியம் அது. தென்னாபிரிக்கத் தொழிற்சாலையில் செய்த பிஸ்கட், ருண்டு கடைத் தட்டுக்கு வரும்வரை சுங்கத் தீர்வை இல்லை. அங்கோலா இந்த ஒன்றியத்துக்கு வெளியே இருக்கிறது.

இரண்டாவது, நாணயம். 1993இல் நமீபியா தனது சொந்த டொலரை வெளியிட்டது. ஆனால் அதன் பெறுமதி தென்னாபிரிக்க ராண்டுடன் ஒன்றுக்கு ஒன்று என்று கட்டப்பட்டிருக்கிறது. ருண்டு கடைகளில் ராண்ட் நோட்டும் செல்லும். ஆகவே ருண்டு வியாபாரி ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து சாமான் எடுக்கும்போது நாணய மாற்றினால் நட்டம் வரும் என்ற பயம் இல்லை. எம்மைப் போன்ற இறக்குமதியாளர்கள் இந்த வசதியைக் கனவில்தான் காணலாம். அங்கோலாவின் குவான்ஸாவோ எண்ணெய் விலையுடன் ஏறி இறங்கும் நாணயம்.

மூன்றாவது, பாதை. விண்ட்ஹொக்கிலிருந்து ருண்டுவுக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர். முழுவதும் தார்ப்பாதை. வோல்விஸ் பே துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஆற்றங்கரைக்கு வந்துவிடும். அக்கரையில் அதே சாமான் லுவாண்டா துறைமுகத்திலிருந்து வருவதாயின் தூரமும் கூடுதல், சேதமும் கூடுதல்.

நான்காவது, வரி. நமீபியாவில் பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினைந்து. ஆனால் ஏற்றுமதிக்கு அது பூச்சியம். உரிய பத்திரங்களுடன் எல்லைக்கு வெளியே போகும் சாமானுக்கு அந்தப் பதினைந்தும் மிச்சம்.

இந்த நான்கும் சேர்ந்த வித்தியாசமே ருண்டுவில் விற்கப்படும் உண்மையான சரக்கு. மா, எண்ணெய், சீமெந்து எல்லாம் அந்த வித்தியாசத்தைச் சுமந்து செல்லும் சாக்குகள் மாத்திரமே.

2013இல் வர்த்தக விடயமாக விண்ட்ஹொக் சென்றிருந்த நான், அங்கிருந்து ருண்டு வரை போய்வந்தேன். குரூட்ஃபொன்டெயின் நகரைத் தாண்டியதும் வீதியின் இருபுறமும் கம்பிவேலி அடைத்த பெரும் பண்ணைகள். மணிக்கணக்காக ஓடினாலும் மனிதரைக் காணமுடியாது. முருரானி என்ற சோதனைச் சாவடியைக் கடந்ததும் காட்சி அப்படியே மாறுகிறது. வேலி இல்லை, வீதியோரமெல்லாம் குடிசைகள், மாடுகள், ஆடுகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். மரத்தில் செதுக்கிய பாத்திரங்களும் உருவங்களும் வீதியோரத்தில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. அந்த மரம் எமது வேங்கை மரத்தின் இனத்தைச் சேர்ந்தது என்று பின்னர் அறிந்தேன்.

ருண்டு, ஆற்றைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிறது. கீழே வெள்ளம் பரவும் புல்வெளி, அதற்கப்பால் ஆறு, அதற்கப்பால் கலாய். சாருசுங்கு என்ற இறங்குதுறையில் அரிசி மூட்டைகளும், சமையல் எண்ணெய்க் கலன்களும், பிளாஸ்டிக் கதிரைகளும், மெத்தைகளும் ஓடங்களில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மெத்தை ஓடத்தைவிட அகலமாக இருந்தது. அதற்கு மேல் ஒரு பெண்மணி நிதானமாக உட்கார்ந்துகொண்டு அக்கரை போனார். கடைத்தெருவில் மொத்தமாக வாங்குகின்றவர்களின் பேச்சில் போர்த்துக்கேய மொழி காதில் விழுந்தது. கடைக்காரர்கள் முகத்தில் சந்தோசம் தெரிந்தது. நானும் ஒரு வியாபாரி என்பதால் அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒஷிகாங்கோ தந்த பாடம்

ருண்டுவுக்கு மேற்கே, அங்கோலா எல்லையிலேயே ஒஷிகாங்கோ என்ற இன்னோர் ஊர் இருக்கிறது. அங்கே ஆறு இல்லை, தரைவழி எல்லை. அதனால் லொறிகள் நேரே போகலாம். எண்ணெய்ப் பணம் அங்கே ருண்டுவை விடப் பலமடங்கு வேகமாகக் கொட்டியது. சீன வியாபாரிகள் பெரும் களஞ்சியங்களைக் கட்டினார்கள். பாகிஸ்தானியர்கள் பாவித்த ஜப்பான் வாகனங்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி விற்றார்கள். லெபனான்காரரும் போர்த்துக்கேயரும் வந்தார்கள். வெறும் எல்லைச் சாவடியாக இருந்த இடம் சில வருடங்களில் நகரமாகியது.

2014 நடுப்பகுதியில் ஒரு பீப்பா எண்ணெய் 110 டொலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் 30 டொலருக்கும் கீழே விழுந்தது. அங்கோலாவில் டொலர் இல்லாமல் போயிற்று. மக்களிடம் குவான்ஸா இருந்தது, ஆனால் அதனை எல்லையில் யாரும் நம்பவில்லை.

இதற்குப் பரிகாரமாக இரு நாட்டு மத்திய வங்கிகளும் 2014இல் செய்த உடன்படிக்கை 2015 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஒஷிகாங்கோவில் குவான்ஸாவைக் கொடுத்து நமீபிய டொலர் பெறலாம். சேர்ந்த குவான்ஸாவை அங்கோலா மத்திய வங்கி அமெரிக்க டொலர் கொடுத்துத் திருப்பி வாங்கும். எல்லை வியாபாரத்துக்கு உதவத்தான் இந்த ஏற்பாடு. நடந்தது என்ன? குவான்ஸா விழப்போகிறது என்று தெரிந்தவர்கள் பை பையாக அதனைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சாமான் வாங்க வந்தவர்களைவிட, தமது சேமிப்பை நல்ல நாணயத்துக்கு மாற்ற வந்தவர்களே அதிகமாகினர். ஆறு மாதத்துக்குள் ஏற்பாடு நிறுத்தப்பட்டது. அந்தக் கொஞ்சக் காலத்துக்குள் அங்கோலா செலுத்தவேண்டிய தொகை 40 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் ஏறியிருந்தது. பின்னர் அது தவணை முறையில் தீர்க்கப்பட்டது.

அரசாங்கத்துக்கு அரசாங்கம் தவணை கொடுக்கும். களஞ்சியத்துக்கு வாடகை கட்டும் வியாபாரிக்கு யார் தவணை கொடுப்பார்? ஒஷிகாங்கோவின் பல களஞ்சியங்கள் மூடப்பட்டன. வாகன வரிசைகள் தூசி பிடித்து நின்றன. 2014இல் ஒரு டொலருக்குச் சுமார் 100 குவான்ஸா. 2024இல் 800க்கும் மேல். அக்கரை மனிதர் கையிலிருக்கும் நோட்டின் பலம் பத்து வருடத்தில் எட்டில் ஒன்றாகியது. ருண்டுவின் மொத்தக் கடைகளும் இதே அடியைத் தாங்க வேண்டியிருந்தது.

வித்தியாசம் தலைகீழாகவும் வேலை செய்யும். அங்கோலா தன் மக்களுக்குப் பெற்றோலை மானிய விலையில் விற்கும் நாடு. 2023இன் ஆரம்பத்தில் அங்கே ஒரு லீற்றர் 160 குவான்ஸா, அதாவது சுமார் 30 அமெரிக்கச் சதம். நமீபியாவில் அதே லீற்றர் ஒரு டொலருக்கு அண்மித்தது. எனவே எல்லை நெடுகிலும் பிளாஸ்டிக் கலன்களில் பெற்றோல் இக்கரைக்குக் கடத்தப்பட்டது. 2023 ஜூனில் அங்கோலா அதனை 300 குவான்ஸாவாக உயர்த்தியது. ஒரே அறிவிப்பில் கடத்தல்காரரின் இலாபத்தில் பெரும் பகுதி போய்விட்டது. வித்தியாசத்தில் பிழைப்பவரின் நிலைமை சட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான்.

அப்படியானால் சனம் ஏன் சேருகிறது?

மூன்று பணப்பைகள் திறந்தன, மூன்றும் மூடின அல்லது சுருங்கின. ஆனால் சனத்தொகை ஒரு தடவைகூடக் குறையவில்லை. இதுதான் ருண்டுவின் புதிர். இதற்கு விடை சந்தையில் இல்லை, கிராமங்களில் இருக்கிறது.

கவாங்கோப் பிரதேசம் மழையை நம்பிய விவசாயப் பிரதேசம். மண் மணல் மண். மழை பொய்த்தால் கம்பு இல்லை. மாடு இருக்கிறதே என்று கேட்கலாம். இங்கேதான் நான் மேலே சொன்ன முருரானிச் சாவடி வருகிறது. அது வெறும் பொலிஸ் சாவடி அல்ல. நமீபியாவைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கால்நடை நோய்த் தடுப்பு வேலி அந்த இடத்தில் வீதியைக் கடக்கிறது. செங்கோடு என்று அதனை அழைக்கிறார்கள். மாடுகளின் கால், வாய் நோய் வடக்கிலிருந்து தெற்கே பரவாமல் தடுப்பதற்காகக் காலனித்துவ காலத்தில் வந்த ஏற்பாடு. வேலிக்குத் தெற்கேயுள்ள பண்ணையாளர் தமது இறைச்சியை ஐரோப்பாவுக்கே ஏற்றுமதி செய்கிறார்கள். வடக்கே உள்ளவர் தமது மாட்டைத் தன் நாட்டின் தலைநகருக்கே தடையின்றிக் கொண்டுபோக முடியாது. ஒரே நாட்டுக்குள் இரண்டு சந்தை. ருண்டுவுக்கு வடக்கே ஆறு ஓர் எல்லை என்றால், தெற்கே இந்த வேலி இன்னோர் எல்லை.

ஆகவே கிராமத்தில் இருந்து பிழைக்க முடியாத இளைஞர் ருண்டுவுக்கு வருகிறார். மேல்நிலைப் பாடசாலைகளும், நமீபியப் பல்கலைக்கழகத்தின் வளாகமும், பெரிய ஆஸ்பத்திரியும், அரச அலுவலகங்களும் அங்கேதான் இருக்கின்றன. அங்கோலாவில் வறட்சி வந்தாலும், நோய் வந்தாலும் அக்கரைக் குடும்பங்களும் அங்கேதான் வருகின்றன. யுத்த காலத்தில் வந்து தங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்த ஊரவர்களே. ந்தாமா, கெஹெமு, சவுயெம்வா, காய்சோசி என்று நகரைச் சுற்றிக் குடிசைப் பகுதிகள் விரிந்து கிடக்கின்றன.

இவர்கள் வேலை கிடைத்து வந்தவர்கள் அல்லர், வேலை தேடி வந்தவர்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குடிசன மதிப்பீட்டின் மொத்தத் தொகை காட்டாது. தொழிற்சாலை வந்து ஊர் வளர்ந்தால் சனத்துக்கு முன்னே சம்பளம் வரும். கிராமம் வறண்டு ஊர் வளர்ந்தால் சம்பளத்துக்கு முன்னே சனம் வரும். நகரசபையின் கஷ்டத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். வரி கட்டக்கூடியவர் குறைவு, தண்ணீர் கேட்பவர் அதிகம். அரச நீர் வழங்கல் நிறுவனமான நாம்வோட்டருக்குக் கட்டவேண்டிய நிலுவை காரணமாக ருண்டுவுக்கு நீர் விநியோகம் மட்டுப்படுத்தப்பட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. கண்ணுக்கு எதிரே ஆறு ஓடுகின்ற ஊரில் குழாயில் தண்ணீர் இல்லை.

இப்போது ஊரை நடத்துவது எந்தப் பணம்?

பெரும்பாலும் அரசாங்கப் பணம்தான். ஆசிரியர், தாதி, பொலிஸ்காரர், அலுவலர் ஆகியோரின் மாதச் சம்பளம் முதலாவது. முதியோர் கொடுப்பனவு இரண்டாவது. நமீபியாவில் அறுபது வயதைத் தாண்டிய பிரஜைகளுக்கெல்லாம், முன்பு அரச உத்தியோகம் பார்த்தவரோ இல்லையோ, மாதாந்தம் அரசு பணம் கொடுக்கிறது. 2024இல் அது 1,600 நமீபிய டொலராக உயர்ந்தது. ஒரு பாட்டியின் கொடுப்பனவில் மூன்று தலைமுறை சாப்பிடும் வீடுகள் கவாங்கோவில் சாதாரணம்.

இந்தப் பணம் சிறியது, ஆனால் மாதம் தவறாமல் வருவது. எண்ணெய்ப் பணம்போல மூட்டையாக வந்து மூட்டையாகப் போவதல்ல. தென்னாபிரிக்கச் சுப்பர் மார்க்கெட் கொம்பனிகள் இதனை எம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. அக்கரைப் பணத்தை மட்டும் நம்பாமல், சம்பள நாளையும் கொடுப்பனவு நாளையும் கணக்கிட்டே அவை நிலைத்து நிற்கின்றன. ஆனால் அவற்றின் தட்டில் இருக்கும் பெரும்பாலான சாமான் தெற்கிலிருந்து வருகிறது. ஆகவே பாட்டியின் பணம் ருண்டுவில் ஓர் இரவுகூடத் தங்காமல் லொறியேறித் தெற்கே போய்விடுகிறது. ஊருக்குள் ஒரு கை மாறி இன்னொரு கைக்குப் போகும் பணம்தான் ஊரை வளர்க்கும். வந்த பணம் உடனே வெளியேறினால் கடை வளரும், ஊர் வளராது.

இதனை மாற்ற முயற்சிகள் நடக்கின்றன. ஆற்று நீரைப் பாய்ச்சி அரசு பல பெரும் விவசாயப் பண்ணைகளை ஆற்றோரத்தில் நடத்துகிறது. மறுபுறம் 2021 ஜனவரியில் கவாங்கோவில் எண்ணெய் தேடிக் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். எண்ணெய் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகின்றவர்களும், ஆறும் கீழேயுள்ள ஒக்கவாங்கோ சதுப்பு நிலமும் கெட்டுவிடும் என்று அஞ்சுகின்றவர்களும் அங்கே இருக்கிறார்கள். நான் ஒரு வியாபாரியாகச் சொல்வதானால், எண்ணெய் என்பது ருண்டுவுக்கு நான்காவது பணப்பை. முதல் மூன்றைப் போலவே அதன் வாயும் வேறு ஊரில்தான் கட்டி அவிழ்க்கப்படும்.

எமது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

எமது சமூகத்தின் இளைஞர்கள் பலர் இன்று ஆபிரிக்காவை நோக்கிப் பார்க்கிறார்கள். மாணிக்க வியாபாரிகள் மடகஸ்காருக்கும் மொசாம்பிக்குக்கும் போய்வருவது பழகிய விடயம். இப்போது கடை போடலாமா, மொத்த வியாபாரம் செய்யலாமா என்று என்னிடம் விசாரிப்பவர்களும் உண்டு. வீட்டை ஈடு வைத்தும், சகோதரியின் சீதனப் பணத்தைக் கடனாக வாங்கியும் முதல் திரட்டிக்கொண்டு புறப்படுகின்றவர்கள் அவர்கள். வேகமாக வளரும் ஊர் என்ற ஒரு சொல்லை நம்பி அந்த முதலைப் போடக்கூடாது. எந்த எல்லை நகரமாக இருந்தாலும் நான்கு விடயங்களை விசாரியுங்கள்.

ஒன்று, வாங்குகின்றவர் கையிலிருக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? அதனை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு? அந்த அதிகாரம் தூர இருக்கும் அளவுக்கு உங்கள் கடன் தவணையைக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு, இரு கரையிலும் விலை ஏன் வேறுபடுகிறது? வரியினாலா, நாணயத்தினாலா, பாதையினாலா, தடையினாலா? பாதையினால் வந்த வித்தியாசம் பல வருடம் நிற்கும். நாணயத்தினால் வந்தது ஓர் அறிவிப்பில் போகும். தடையினால் வந்ததைத் தொடவே வேண்டாம்.

மூன்று, எந்த நாணயத்தில் விற்கிறீர்கள், எந்த நாணயத்தில் கொள்முதல் செய்கிறீர்கள்? இரண்டும் வேறாக இருந்தால், பெட்டியில் பணத்தை இரவு தங்கவிடாதீர்கள். ஒஷிகாங்கோவில் இலாபம் கண்டவர்கள் பலர், அந்த இலாபத்தைக் குவான்ஸாவாக வைத்திருந்தபோதுதான் இழந்தார்கள்.

நான்கு, எல்லை நாளைக்கே மூடினால் உங்கள் கடையில் உள்ள சாமானை அந்த ஊரவர் வாங்குவார்களா? 2020இல் கொரோனாவினால் எல்லைகள் மூடப்பட்டபோது இந்தக் கேள்வி உலகெங்கும் உள்ள எல்லை நகரங்களின் வாசலுக்கே வந்தது. அக்கரைக்கு மட்டுமே பொருந்தும் சரக்கை நிரப்பியவர் கதவைச் சாத்தினார். ஊரவரின் சோற்றுக்கும், பிள்ளைகளின் சப்பாத்துக்கும், குடிசைக் கூரைத் தகரத்துக்கும் சாமான் வைத்திருந்தவர் குறைந்த இலாபத்தில் என்றாலும் கடையைத் திறந்து வைத்திருந்தார்.

ருண்டுவில் இன்று 1 இலட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். ஆனால் அவர்கள் நாளை காலையிலும் அங்கேதான் இருப்பார்கள், சாப்பிடுவார்கள், உடுப்பார்கள், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவார்கள். அந்த ஊரில் கடை போடுகின்றவர் ஆற்றுக்கு அப்பால் பார்ப்பதற்கு முன்னர், தன் கடைக்குப் பின்னாலுள்ள குடிசைகளை ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும். அங்கே கிடைப்பது சிறு இலாபம்தான். ஆனால் அதற்குத் தூரத்து ஊர்களில் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.